விழுந்தவர் எவருமில்லை

எங்கள் வார்டு வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறது. 'கடைசியாக ஒரு நோயாளி கீழே விழுந்து இத்தனை நாட்கள்' என்று மேலே எழுதியிருக்கும். கீழே ஒரு பெரிய எண். காலை ஏழு மணிக்கு ட்யூட்டி மாறும்போது பழைய எண்ணை அழித்து அடுத்ததை எழுதுவது வார்டு பொறுப்பு நர்ஸான என் வேலை. யாராவது விழுந்துவிட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பூஜ்யம் எழுதுகிற நாளில் மற்ற வார்டுக்காரர்கள் வேண்டுமென்றே எங்கள் பக்கமாக நடந்து போவார்கள்.

பலகை என் யோசனைதான். வேறு யார் தலையிலும் பழியைப் போட்டுவிட்டு நான் தூங்க முடியாது.

போன வருடம் நிர்வாகம் ஒரு உத்தரவு போட்டது. ஒவ்வொரு வார்டும் நோயாளிகளைக் கவனிப்பதில் ஒரு இலக்கு வைக்க வேண்டும்; அது எண்ணால் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதற்கென்றே வந்த தர அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் 'சதவீதம்'. டீ சூடாக இருக்கிறதா என்று கேட்டால்கூட எண்பது சதவீதம் என்கிற மனிதர். நான் முதலில் எழுதிக் கொடுத்தது, 'வந்தவர்களை நல்லபடியாக வீட்டுக்கு அனுப்புவது.' அவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லபடின்னா எத்தனை படி சிஸ்டர்? எண்ணுற மாதிரி ஏதாவது குடுங்க."

எண்ணுகிற மாதிரி எங்களிடம் இருந்தது ஒன்றுதான். விழுவதை எண்ணலாம். விழுந்தால் சத்தம் கேட்கும், படிவம் எழுத வேண்டும், உறவுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 'நூறு நாள், ஒருவரும் விழக்கூடாது' என்று எழுதினேன். சதவீதத்துக்கு முகமெல்லாம் பல்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் குறுக்கே பேசினார். எங்கள் பிசியோதெரபிஸ்ட். நோயாளிகளைக் கைப்பிடித்து நடக்கவைக்கிறவர் என்பதால் அவருக்கு 'நடை மாஸ்டர்' என்று பெயர்.

"விழுறதை எண்ணுனா நடக்கிறதையும் எண்ணணும் சிஸ்டர். இல்லைன்னா ஒரு பக்கம் மட்டும் தராசு வச்ச மாதிரி ஆயிடும்."

"அதை எப்படி மாஸ்டர் அளக்கிறது? இருபத்தெட்டுப் பேர் எத்தனை அடி நடந்தாங்கன்னு யார் உட்கார்ந்து எண்ணுறது?" என்று கேட்டேன். என்னமோ பெரிய கேள்வி கேட்டுவிட்ட மாதிரி எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நோயாளி விழாமல் இருக்க மிகச் சுலபமான வழி, அவரை எழுந்திருக்கவே விடாமல் இருப்பது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகிற மாதிரி நாங்களாகவே அங்கே போய்ச் சேர்ந்தோம். கட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளும் எப்போதும் மேலே. விரிப்புக்கு அடியில் ஒரு மெல்லிய பாய். படுத்திருப்பவர் எழுந்தால் அது கத்தும். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் பாத்திரம் கட்டிலுக்கே வரும். படுத்திருக்கிறவன் எங்கே விழுவான்? பலகையில் எண் மளமளவென்று ஏறியது.

எண்பத்து மூன்றாவது நாள் என் அப்பா வந்து சேர்ந்தார். நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல். எழுபத்தெட்டு வயது. ஆட்டோவிலிருந்து இறங்கி, நான் கொண்டுவந்த சக்கர நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுல உன் சாமானை வச்சுக்கோ பாப்பா" என்று தானே நடந்து வார்டுக்குள் வந்தார். எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அப்பா நாற்பது வருடம் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவர். வீடு வீடாக, மாடி மாடியாக ஏறி இறங்கியே காலம் போனது. அம்மா போன பிறகு மூன்றாவது மாடியில் இருக்கிற எங்கள் பழைய வீட்டில் தனியாக இருந்தார். லிஃப்ட் கிடையாது. அறுபத்தாறு படி. அண்ணன் எத்தனையோ தடவை கூப்பிட்டும் போகவில்லை. அண்ணன் வீட்டில் குறை ஒன்றுமில்லை. அண்ணி நேரத்துக்குச் சாப்பாடு போடுவாள், மரியாதையாகத்தான் பேசுவாள். "அங்க எல்லாம் இருக்கு. நான்தான் இல்லை" என்பார் அப்பா. எனக்கு வாய்த்தது ஆஸ்பத்திரி விடுதியில் ஓர் அறை. ஆகவே அந்த அறுபத்தாறு படியை ஏறுகிற வரைக்கும்தான் அவருக்குச் சொந்த வீடு. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஊசி மருந்து மட்டும் இரண்டு வாரம் தொடர்ந்து போக வேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் காலை அப்பா கம்பிக்கு மேலே காலைப் போட்டு இறங்கப் பார்த்தார். பாய் கத்தியது. இரண்டு நர்சுகளும் ஆயாவும் நானும் தீப்பிடித்த மாதிரி ஓடினோம்.

"என்னப்பா பண்றீங்க?"

"பாத்ரூம் போறேன். திருடப் போற மாதிரி ஏன் மணி அடிக்கிறீங்க?"

"பாத்திரம் கொண்டு வர்றேன். படுங்க."

"நல்லாத்தானே இருக்கேன் பாப்பா. நாலு எட்டு நடந்துட்டு வர்றேன்."

"வேணாம். உட்காருங்கப்பா." அவர் தோளைப் பிடித்து அழுத்தினேன். மற்றவர்களை விட அவரிடம் நான் கடுமையாகத்தான் இருந்தேன். ஊருக்கெல்லாம் சட்டம் பேசிவிட்டு என் அப்பாவே விழுந்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அன்று எண் எண்பத்தெட்டு.

நடை மாஸ்டர் தினமும் வந்தார். கூடத் துணைக்கு ஓர் ஆள் கொடுத்தால் காலையும் மாலையும் வராந்தாவில் நடக்கவைக்கிறேன் என்றார். ஆள் இருந்தது. என்னிடம்தான் தைரியம் இல்லை. நடக்கும்போதுதானே விழுவார்கள்.

"நூறு வரட்டும் மாஸ்டர். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் நடக்கட்டும்."

"தசைக்கு உங்க நூறு தெரியாது சிஸ்டர். இந்த வயசுல படுக்கப் போட்டா தினமும் கரைஞ்சுக்கிட்டே போகும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். முதல் வருடப் பாடம் அது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் விஷயத்தில் ஏட்டில் இருந்தது நல்ல சுரைக்காய்தான், நான்தான் அதைச் சமைக்கவில்லை.

அப்பா படுத்தபடியே இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் போன பிறகு சொன்னார்:

"நாப்பது வருஷம் மீட்டர் ரீடிங் எடுத்தேன். நம்பரைப் பார்ப்பேன், எழுதுவேன், அடுத்த வீட்டுக்குப் போவேன். உள்ள இருக்கிறவன் எப்படி இருக்கான்னு ஒரு வீட்லயும் எட்டிப் பார்த்ததில்லை. அது என் வேலை இல்லை பாரு."

அவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒவ்வொரு காலையும் ஊசி போடும்போது, "இன்னிக்கு நடக்கலாமா?" என்று கேட்பார். நான் இன்னும் இத்தனை நாள் என்று சொல்லுவேன். தொண்ணூற்று ஏழாம் நாள் அவர் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. பாத்திரம் வந்தால் வாங்கிக்கொண்டார், சோறு ஊட்ட வந்தால் வாயைத் திறந்தார். 'அப்பா ஒருவழியாகப் பழகிவிட்டார்' என்று அன்று அண்ணனுக்குப் போனில் சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நூறாவது நாள் பெரிய நிர்வாகி வந்தார். சதவீதம் பச்சைக் கலரில் பெரிதாக 100 என்று எழுதச் சொன்னார். எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். இருபத்தெட்டுக் கட்டில்களிலும் ஆட்கள் படுத்துக்கொண்டே அதைப் பார்த்தார்கள்.

அன்று மதியம்தான் அப்பாவுக்கு டிஸ்சார்ஜ். போவதற்கு முன் நடை மாஸ்டர் பரிசோதிக்க வேண்டும். கட்டில் கம்பியை இறக்கி, ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் நானும் பிடித்து நிற்கவைத்தோம். அப்பாவின் முழங்கால் நடுங்கியது. வந்த அன்று இறுக்கமாக இருந்த கால்சட்டை தொடையில் தொளதொளவென்று தொங்கியது. ஒரு அடி. இரண்டு. மூன்று. நான்காவதில் மூச்சு வாங்கியது. நாற்காலியில் வராந்தா முனைக்குத் தள்ளிப்போய் மறுபடி நிற்கவைத்தோம். அங்கே பயிற்சிக்காக வைத்திருக்கிற இரண்டு மரப்படிகளில் முதல் படிக்குக் காலைத் தூக்கப் பார்த்தார். கால் தரையை விட்டு எழவில்லை. யாருடையதோ கால் என்பதுபோல அதைக் குனிந்து பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்டார்: "விழுந்துட மாட்டேனே பாப்பா? உனக்கு எதுவும் ஆயிடாதே?"

அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மாஸ்டர் அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று அவர் கேட்டிருந்தால்கூடத் தேவலை. "தினமும் பயிற்சி குடுத்துப் பார்க்கலாம். ஆனா இந்த வயசுல மூணு மாடின்னா..." என்று நிறுத்திக்கொண்டார். டிஸ்சார்ஜ் தாளில் ஒரு கட்டம் உண்டு: 'ஆஸ்பத்திரியில் இருந்தபோது விழுந்தாரா?' இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எப்படி நடந்து வந்தார், எப்படிப் போகிறார் என்று கேட்க அந்தத் தாளில் கட்டமே இல்லை.

அண்ணன் கார் கொண்டு வந்தான். அண்ணன் வீட்டுக்குப் போகிற வழியில் அப்பா தன் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார். சக்கர நாற்காலியில் இறக்கிப் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தினோம். ஒரு தடவை மேலே பார்த்தார்.

"மூக்குக் கண்ணாடி மேஜை மேல இருக்கும். ரேடியோ அலமாரியில. நாலு சட்டை எடுத்துக்கோ, போதும். வர்றப்போ மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிடு. சும்மா ஓடிக்கிட்டிருக்க வேணாம்."

"தூக்கிட்டுப் போய்க் காட்டட்டுமாப்பா?" என்றான் அண்ணன்.

"அதை எதுக்கு? எனக்குத் தெரியாத வீடா?"

அறுபத்தாறு படியும் ஏறினேன். சட்டைகளை மடித்தேன். துவைத்த துண்டு ஒன்று கொடியிலேயே கிடந்தது, அதையும் எடுத்தேன். மெயின் சுவிட்சை இறக்கியபோது ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது. பூட்டிக்கொண்டு கீழே வந்து, துணிகளை அவர் காலடியில் வைத்துவிட்டுச் சாவியை நீட்டினேன். அவர் அதை வாங்கி அண்ணனிடம் கொடுத்தார்.

"ஏன் பாப்பா, உன் பலகையில என்னை எந்தக் கலர்ல போட்டிருக்கே?"

"பச்சைப்பா."

"ம்" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அண்ணன் கார்க் கதவைத் திறக்கப் போனான். அந்த ஒரு நிமிடம் நாற்காலி என் கையில் இருந்தது. அப்பா லேசாக அசைந்தார். என் கை தானாகப் போய் அவர் தோளை அழுத்தியது.

"உட்காருங்கப்பா" என்றேன்.

அவர் துண்டை எடுக்கத்தான் கையை நீட்டியிருந்தார்.