பதினொரு மயக்கம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொன்னவன் நான். சொன்னது நேற்றுக் காலை, ஒரு டாக்டரிடம், அழகான அட்டவணை வடிவத்தில். இன்று 1950 மார்ச், வெள்ளிக்கிழமை, காலை எட்டே கால். மைசூரில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்து மணிக்கு அந்த டாக்டர் வருவார். அதற்குள் முடித்தாக வேண்டும். கதையையா, பொய்யையா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

முதல் வரி இப்படி இருந்தது: “கிரேக்க தேசத்தின் நீலக் கடலோரம் பிறந்த அந்தப் பேரழகி—” அடித்துவிட்டேன். நான் கடலைப் பார்த்ததே மதராஸில் ஒரே ஒரு தடவை. கல்யாணி பேரழகியும் இல்லை. மூக்கு நீளம்.

இரண்டாவது: “மயக்கம் என்பது யாது?” காலேஜில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு வரும் வியாதி இது. இதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது: “செவ்வாய்க்கிழமை, காரடையான் நோன்பன்று, அடை வேகும்போது கல்யாணி அடுப்படியில் மயங்கி விழுந்தாள்.” இது இருக்கட்டும்.

2

கல்யாணியின் சொந்தப் பெயர் கல்லியோபி. ஊர் சலோனிகா. யுத்தத்தின் கடைசியில் நம் பட்டாளத்தோடு அங்கே குமாஸ்தாவாகப் போன கைலாசநாதன், இரண்டு வருஷம் கழித்து அவளைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தான். என் பக்கத்து வீட்டுக்காரன். இப்போது ரயில்வேயில் வேலை. பயிற்சிக்காக ஜமால்பூர் போயிருக்கிறான். தந்தி கொடுத்தாயிற்று. நாளைக்குத்தான் வந்து சேருவான்.

அவன் அம்மா லலிதாம்பாள் மாமி, வந்த மருமகளை வாசலில் நிறுத்திக் குங்குமம் இட்டு, “இனிமே இந்த ஆத்து வழக்கம்தான் உனக்கும்” என்றாள். அவளும் தலையாட்டினாள். மூன்று வருஷத்தில் ரசம், கோலம், சமையல்கட்டுத் தமிழ் எல்லாம் கற்றுக்கொண்டாள். இப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

விழுந்தது இது மூன்றாவது தடவை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் பத்மாஸினி தமிழில் கேட்டார், கன்னடத்தில் கேட்டார், இங்கிலீஷிலும் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “ஒண்ணுமில்லை, சரியாயிடும்.”

“மேஷ்ட்ரே,” என்றார் டாக்டர் என்னிடம், “உங்களுக்கு கிரீக் வருமாமே? உடம்பு சரியில்லைன்னா சொந்த பாஷையில கேட்டாதான் மனுஷா உண்மையைச் சொல்லுவா. எனக்கு இருதயத்துல ஒரு சத்தம் கேக்கறது. எந்த மாதிரி பலவீனம், எந்த மாதிரி மயக்கம்னு தெரிஞ்சாகணும்.” சீட்டில் இங்கிலீஷில் பதினொரு வார்த்தை எழுதிக் கொடுத்தார். பலவீனம், சோர்வு, தள்ளாமை, தலைசுற்றல், கண் இருட்டல், மூர்ச்சை, இப்படி.

என் கிரேக்கம் எப்பேர்ப்பட்டது என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மண்டி மொஹல்லா பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் இலக்கணமும் ஓர் அகராதியும்தான் என் குருமார்கள். இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பாஷை. கிரேக்கர் ஒருவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஆனால் தாழ்வாரத்தில் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “வரும்” என்று சொல்லிவிட்டேன்.

3

புதன்கிழமை முழுவதும் மொழிபெயர்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தேன். பலவீனத்துக்கு ‘அஸ்தெனெயா’. ஆனால் அது நோயையும் சொல்கிறதே, ‘அதுனமியா’ போடலாமா? அது திராணியின்மை. சோர்வுக்கு ‘எக்லுசிஸ்’, கட்டு அவிழ்ந்து போவது. மூர்ச்சைக்கு இரண்டு கிடைத்தன: ‘லிபோதுமியா’, மனம் விட்டுப் போவது, ‘லிபோப்ஸுகியா’, உயிரே விட்டுப் போவது. எது பொருத்தம் என்று ஒன்றரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.*

(* என் அகராதி காட்டிய மேற்கோள்களில் மயங்கி விழுகிறவர்கள் எல்லாரும் ஈட்டி பட்ட வீரர்கள். அடுப்படியில் விழுந்த பெண் ஒருத்திகூட இல்லை. அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

சாயங்காலம் அவள் கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் முகம் மாறியது. சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை. (இந்தப் பாத்திரம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று மூன்று பக்கம் முன்பே சொல்ல நினைத்தேன்.) என் உச்சரிப்பை மெதுவாகத் திருத்தினாள். “லிபோதிமியா, அண்ணா.” பிறகு என் பென்சிலை வாங்கி, பதினொன்றுக்கும் எதிரே ஒரு கோடு போட்டாள். எல்லாம் இருக்கிறதாம்.

வியாழக்கிழமை காலை அட்டவணையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று பத்தி, சிவப்பு மையில் தலைப்பு. “ஒவ்வொன்றாக விளக்கிக் கேட்டேன், யோசித்துத்தான் பதில் சொன்னாள்” என்றேன். விளக்கவும் இல்லை, அவள் யோசிக்கவும் இல்லை. நான் சொன்ன பொய் இதுதான்.

டாக்டர் படித்தார். “பதினொண்ணுமா? அப்போ இருதயம்தான். கர்ப்பத்தை இதுக்கு மேல வளரவிட்டா தாய் தாங்கமாட்டா. நாளைக்குப் பத்து மணிக்கு முடிவு பண்ணணும். கலைக்கறதுதான் வழின்னு தோணறது.”

“சரி” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4

வியாழன் சாயங்காலம் மறுபடி போனேன். கல்யாணி தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் கோபிநத்தத்திலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்த மாதேவி என்னைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, நீங்க இந்தம்மாவுக்கு ஒறவுங்களா? செவ்வாக்கெழமையில இருந்து இவங்க பாலையும் நாந்தானுங்க குடிக்கறேன். தயிரும் எனக்கே தள்ளி உட்டுடறாங்க. சொல்லாதேன்னு சைகை காட்டறாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க.”

கல்யாணி கண்ணைத் திறந்தாள். “ஏன்?” என்று கேட்டேன். தமிழில்தான். அவளும் தமிழில்தான் சொன்னாள்.

“பசிக்கறது அண்ணா. ரொம்பப் பசிக்கறது.”

விஷயம் இதுதான். அவள் மதத்தில் ஈஸ்டருக்கு முன்னால் ஏழு வாரம் நோன்பு. மாமிசம், முட்டை மட்டுமல்ல. பால், வெண்ணெய், நெய் எதுவும் தொடக்கூடாது. மாமி வீட்டில் மாமிசமும் முட்டையும் ஏற்கெனவே கிடையாது. பாலும் நெய்யும் போனால் மிச்சம் சோறும் ரசமும். அதற்கு மேல் மாமியின் ஏகாதசி, பிரதோஷம், வெள்ளிக்கிழமை. பிள்ளைத்தாய்ச்சிக்கு வேண்டாம் என்று மாமி சொல்லியும், புருஷனுக்காக என்று கல்யாணி அதையும் விடவில்லை. செவ்வாயன்று மயக்கம் தெளிந்ததும் நோன்பு அடையைத் தின்றாள், வெண்ணெயை ஒதுக்கினாள். மசக்கை என்று மாமி நினைத்துக்கொண்டாள். இரண்டு பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை.

“உங்க பாதிரியாரே விலக்கு கொடுப்பாரே?”

“இங்கே யார் இருக்கா கேக்க? நாப்பத்தொண்ணுல எங்க ஊர்ல பஞ்சம் அண்ணா. அம்மா போனா, தம்பி போனான். நான் பொழச்சா வருஷா வருஷம் இந்த நோன்பு இருக்கேன்னு வேண்டிண்டேன். இது பசி மயக்கம். எனக்குத் தெரியாதா?”

“பின்னே ஏன் பதினொண்ணுக்கும் கோடு போட்டே?”

“நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதிண்டு வந்தேளே.”

எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். முதலில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாமிகிட்ட சொல்லாதீங்கோ. இந்த ஆத்து வழக்கம்தான்னு ஒத்துண்டேன். மூணு வருஷமா மறைச்சிருக்கேன். தெரிஞ்சா ஆத்துல சேத்துக்கமாட்டா. டாக்டர்கிட்டயும் வேண்டாம், அவா மாமிகிட்ட சொல்லிடுவா.” சத்தியம் வாங்கிக்கொண்டாள். கொடுத்தேன். எனக்கு “வரும்” என்றும் “சரி” என்றும் சொல்லித்தான் பழக்கம்.

5

இப்போது ஒன்பதே கால். கைவசம் இருக்கும் முடிவுகள்:

முதல் முடிவு. நான் டாக்டரிடம் சொல்கிறேன். டாக்டர் மாமியிடம் சொல்கிறார். குழந்தை பிழைக்கிறது. நாளைக்குக் கைலாசநாதன் ரயிலிலிருந்து இறங்கும்போது அவன் பெண்டாட்டியின் பெட்டி வாசலில்—

இரண்டாம் முடிவு. சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன். பத்து மணிக்கு டாக்டர் என் அட்டவணையை நம்பி— வேண்டாம். இந்த வாக்கியத்தை முடிக்க என் கை வரவில்லை.

மூன்றாம் முடிவு. கல்யாணி தானாகவே மனம் மாறி எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறாள். கதை எழுதுகிறவனுக்கு ரொம்பச் சௌகரியம். பத்திரிகையிலும் போடுவார்கள். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள்.

6

மாமி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது.

“என்ன எழுதறே, யக்ஞம்?”

“கதை மாமி.”

“இப்பவா? நல்ல மனுஷன்.” கையை நீட்டினாள். “கொடு, படிக்கறேன். சும்மா உக்காந்தா என்னென்னமோ தோணறது.”

மாமி எந்தப் பத்திரிகை வந்தாலும் தொடர்கதையைத்தான் முதலில் படிப்பாள். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவசரமாக நோட்டை மூடியிருக்கலாம். வாயால் சொல்லவில்லை, எழுதியதைத்தான் கொடுத்தேன் என்று பிறகு ஒரு சமாதானம் சொல்வேன், அதை நம்பாதீர்கள். சத்தியத்தை மீறுகிறேன், தெரிந்துதான் மீறுகிறேன். கொடுக்கிறேன்.

7

(இது காலேஜ் பரீட்சைத் தாளின் பின்பக்கம். நோட்டு மாமியிடம்.)

மெதுவாகப் படித்தாள், விரலை வரிக்குக் கீழே ஓட்டியபடி. நான்காம் பகுதியில் விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து அந்தப் பக்கத்தைப் படித்தாள். பிறகு ஐந்தாம் பகுதி. கண்ணாடியைக் கழற்றினாள்.

“பெட்டியை வாசல்ல வெச்சுடுவேன்னு எழுதியிருக்கே. அவ பயந்தது சரி, சின்னப் பொண்ணு. நீ பத்து வருஷமாப் பக்கத்தாத்துல இருக்கே.”

கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

“எங்கிட்டயே மறைச்சாளே, பாவி. விரதம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?” குரல் உடைந்தது. கோபமா துக்கமா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “பால் ஆகாது, நெய் ஆகாது. தேங்காய்ப்பால் ஆகுமா?”

“தெரியாது மாமி.”

“எள்ளு? வேர்க்கடலை? பாதாம் அரைச்சு வெல்லம் போட்டா?”

“கேக்கலை மாமி.”

“அதை விட்டுட்டு என்னத்தைத்தான் கேட்டே?”

எழுந்து வார்டுக்குள் போனாள். திட்டப் போனாளா, கேட்கப் போனாளா, இரண்டுக்குமா? கதவு சாத்திக்கொண்டது. யாரோ அழுகிற சத்தம். இளைய குரலா, மூத்த குரலா என்று அழுகையில் தெரியவில்லை.

டாக்டர் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். கையில் என் அட்டவணை.

“மேஷ்ட்ரே, உள்ள போகலாமா?”

“டாக்டர், அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்கோ. அது அவ சொன்னதில்லை, நான் சொன்னது. விளக்கிக் கேட்டேன்னது பொய். அவளுக்குப் பசி. நாலு வாரமா.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

“அப்போ அந்தச் சத்தம்?” என்றார். “நான் காதால கேட்டேனே, இருதயத்துல? அதுவும் பசியா?”

“எனக்குத் தெரியாது டாக்டர்.”

முதல் தடவையாக அந்த வார்த்தையை அவரிடம் சொன்னேன். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் வெளியே இருக்கிறேன். தாளில் இன்னும் கால் பக்கம் இடம் இருக்கிறது. என்ன முடிவு வேண்டுமானாலும் எழுதலாம், எழுதத் தெரிந்தவன்தான். ஆனால் எழுத மாட்டேன். எழுதினது பலித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இந்தக் கால் பக்கம் உங்களுக்கு. உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளுங்கள். தயவுசெய்து, நல்லதாக எழுதுங்கள்.