கை கொடுக்கும் வரிசை

கடைசி விசில் ஊதியபோது பவானேஸ்வரியின் கல்லூரி ஒரு கோலில் தோற்றிருந்தது. அவள் அணிப் பெண்கள் திடலிலேயே உட்கார்ந்து அழுதார்கள். அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. ஆட்டம் எப்போது முடியும் என்றுதான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள். பயிற்சியாளருக்குத் தெரிந்திருந்தால் தோலை உரித்திருப்பார்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் எதிரெதிர் வரிசையாக நடந்து கை கொடுத்துக்கொள்ள வேண்டும். கணுக்காலில் மட்டையால் அடித்தவளுக்கும் கொடுத்தாக வேண்டும். ஹாக்கியில் அது எழுதாத சட்டம். எதிர் வரிசையில் பெரியப்பா மகள் கலைமகள் வருவாள். மேலே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாகூட அதற்குக் குறுக்கே நிற்க முடியாது.

அப்பா அங்கமுத்துவும் பெரியப்பா தங்கையாவும் கோயில் கமிட்டித் தேர்தலில் எதிரெதிராக நின்றவர்கள். அதோடு பேச்சு நின்றது. யார் ஜெயித்தது என்பதே ஊருக்கு மறந்துபோனது. அண்ணன் தம்பிக்கு மட்டும் மறக்கவில்லை. போன வருஷம் பெரியப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

"அந்த வாசல்ல கால வச்ச, அப்பறம் என் மொகத்துல முழிக்காத," என்றார் அப்பா அன்றைக்கு.

பவானேஸ்வரி போகவில்லை. அவர்கள் குடியிருக்கும் பாயா ரும்புட்டில் இரண்டு தெரு தள்ளித்தான் சாவு வீடு. சங்கு ஊதுவது அவள் அறைக்குள் கேட்டது. சின்ன வயதில் இவளையும் கலைமகளையும் வேனில் பயிற்சிக்கு ஏற்றிப் போனவர் பெரியப்பாதான். வியர்வையோடு ஏறினால் மூக்கைப் பொத்திக்கொண்டே ஓட்டுவார். அந்த மனிதருக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போடவில்லை. அதன்பிறகு கலைமகளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதி எழுதி அழித்ததுதான் மிச்சம்.

வரிசை நகர்ந்தது. பவானேஸ்வரி தன் அணியின் முன்னால் நடந்தாள். "குட் கேம், குட் கேம்." உள்ளங்கைகள் பட்டுப் பட்டு விலகின. எதிர் வரிசையின் கடைசியில் கலைமகள் வந்தாள். இளைத்திருந்தாள். மனப்பாடம் செய்து வைத்திருந்தது வேறு.

"குட் கேம்," என்றாள் பவானேஸ்வரி.

"குட் கேம்," என்று எங்கோ பார்த்துச் சொல்லிவிட்டுக் கலைமகள் அடுத்தவளிடம் போனாள்.

சீ, இவ்வளவுதானா என்றிருந்தது. கை கொடுத்து முடித்தவர்கள் நடுவர்கள் பக்கம் போனார்கள். பவானேஸ்வரி போகவில்லை. ஓடிப்போய், தன் அணியின் வால்பக்கம் மெதுவாக நடந்துவந்த கோல்கீப்பருக்குப் பின்னால் மறுபடியும் நின்றுகொண்டாள்.

"ஏய், ஒனக்குத்தான் முன்னயே சலாம் பண்ணியாச்சே லா!" என்று சிரித்தாள் எதிரணி விஜயராணி. சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் கை கொடுத்தாள்.

முதலில் கொடுத்தது ஹாக்கிக்காக. இது அப்படியில்லை. அப்பாவுக்கும் அது தெரியும்.

கலைமகள் வந்து நின்றாள். நீட்டிய கையைப் பார்த்தாள்.

"பெரியப்பாவுக்கு நா வரலக்கா."

"தெரியும்."

"வந்துருக்கணும்க்கா."

கலைமகள் அந்தக் கையை மெல்லப் பிடித்தாள். "தூக்கும்போது கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன், பவா. நீ வந்துருவேன்னு."

பவானேஸ்வரிக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. நடுவர்கள் இவர்களுக்காகக் காத்திருந்தார்கள். கலைமகள் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள்.

"சித்தப்பா எந்திரிச்சு நிக்கிறாரு."

"நிக்கட்டும்க்கா."

வியர்வையில் கை வழுக்கியது. பவானேஸ்வரி மட்டையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.