திராவகம் ஊற்றிய கிணறு

விடிவதற்குள் சூளகிரிக் கிணற்றுமேட்டில் பெண்கள் கப்பிக் கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். முந்தின நாளெல்லாம் கல் கூடை இழுத்ததில் உள்ளங்கைத் தோல் இன்னும் எரிந்தது. முதலாளி கோவிந்தப்பனின் புது எண்ணெய் ஆலைக்குத் தண்ணீர் வேண்டுமாம். பாறை உடையும்வரை அவருக்கு எங்கே பொறுமை! பெங்களூரிலிருந்து பீங்கான் ஜாடிகளில் திராவகம் வரவழைத்துவிட்டார். பாறை இடுக்கில் ஓடும் சுண்ணாம்பு நரம்பை அது அரித்துத் தின்னுமாம், வெடிப்பு அகன்று ஊற்று திறக்குமாம். முந்தின சாயங்காலம் மேஸ்திரி ஆஞ்சப்பன்தான் அதைக் கிணற்றடிப் பாறையில் தோண்டிய குழிகளில் ஊற்றினான். வெள்ளை நரம்பு சோற்று உலைபோல் பொங்கி நுரைத்தது. மூச்சு முட்ட, அவசரமாக மேலே ஏறிவிட்டான்.

வெடிமருந்து வைத்தவனே மறுநாள் முதலில் இறங்க வேண்டும் என்பது கிணறு வெட்டுபவர்களின் கட்டுப்பாடு. இது வெடிமருந்தா என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஆஞ்சப்பன் காலையில் கூலியாள் மாரிசாமியை இறங்கச் சொன்னான். பயந்தான், அதுதான் உண்மை.

அடியைத் தொட்டதும் மாரிசாமி சுருண்டு விழுந்தான். பாறை கக்கிய கெட்ட காற்று அடியிலேயே தேங்கிக் கிடந்தது. இடுப்பில் கயிறு இருக்கப்போய், மனைவி நஞ்சம்மாவும் மற்றவர்களும் இழுத்து மேலே போட்டார்கள். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

"குடிச்சிட்டு எறங்கியிருப்பான். மேஸ்திரி, நீயே சொல்லு, அப்படித்தான?"

ஆமாம் என்றால் மேஸ்திரி வேலை நிலைக்கும். புருஷன் தலையை மடியில் வைத்திருந்த நஞ்சம்மா ஆஞ்சப்பனையே பார்த்தாள். வெட்கத்தில் அவன் உடம்பே கூசியது.

"இல்லீங்க. ஊத்துனவன் நானு. எறங்க வேண்டியவனும் நாந்தான். பயந்துக்கிட்டு இவன எறக்கிட்டேன். இவன் குடிக்கலீங்க. இவனச் சாச்சது உங்க திராவகம்."

சுற்றி நின்ற ஆட்கள் ஒவ்வொருவராகக் கடப்பாரையைத் தரையில் போட்டார்கள். மாரிசாமிக்கு வைத்தியம் பார்க்கணும், திராவகம் இனி கூடாது, இதற்குச் சம்மதிக்கும்வரை ஒருத்தரும் இறங்கமாட்டோம் என்று கயிற்றுக்காரி வெங்கடம்மாள் எல்லோருக்குமாகச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்கே அத்திப்பள்ளி ஆளுங்க எறங்குவாங்க," என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

ஆளுக்கொரு கை கொடுத்து மாரிசாமியை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். ஆஞ்சப்பன் கூனிக் குறுகித் தள்ளி நின்றான். வண்டியில் ஏறப்போன நஞ்சம்மா திரும்பினாள்.

"அங்க என்ன நிக்கற? அத்திப்பள்ளி ஆளுங்களுக்குத் தமிழ் வராது. உனக்குத்தான் கன்னடம் வரும். அவங்க எறங்கறதுக்கு முன்னாடி நடந்ததச் சொல்லு. நீ செஞ்சதையும் சேத்துச் சொல்லு."

"சொல்றேம்மா," என்றான். தலை நிமிரவில்லை. வேலையை நிறுத்திக் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்துவிட்டவர்களில் வெங்கடம்மாள் சற்று நகர்ந்து இடம் விட்டாள். ஆஞ்சப்பன் போய் அங்கே உட்கார்ந்தான்.