அக்காவின் பழுப்புக் கொழுப்பு

ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறவள் சொந்த அக்காவைப் படம் எடுக்கக் கூடாது. அக்காவிடம் யார் சொல்வது? "நீதான் எடுக்கணும், வேற யாரும் வேண்டாம்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். குணமான புற்றுநோய் திரும்பிவிட்டதா என்று பார்க்கும் படம் அது.

ஊசியில் ஏற்றும் சர்க்கரையை உடம்பில் எந்த இடம் அதிகம் தின்கிறதோ, அது திரையில் பளிச்சென்று தெரியும். கட்டிகளுக்கு அகோரப் பசி. அக்காவின் கழுத்தும் தோள்களும் திரையில் தகதகவென்று எரிந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டாக்டர் வந்து உற்றுப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கே. குளிர்ல இருந்தாங்களா?"

ஓடிப்போய்க் கேட்டேன்.

"காலைல ஓடப் போனேன். நல்ல மழை. நனைஞ்ச டிரெஸ்ஸோடயே வந்து ஏசியில உக்காந்துட்டேன்" என்றாள் அக்கா, சாவகாசமாக.

"நேத்துலேருந்து ஓடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. காதுல என்ன பஞ்சா?"

"நோயாளி மாதிரி இங்க வரக் கூடாதுன்னு தோணுச்சுடி."

அறைந்திருப்பேன். கை வரவில்லை.

"பழுப்புக் கொழுப்பாத்தான் இருக்கும்" என்றார் டாக்டர். "குளிர்ல முழிச்சுக்கிட்டு, சர்க்கரையை எரிச்சு உடம்பைச் சூடாக்கும்."

"ஓடினதாலயா டாக்டர்?"

"ஓட்டம் அதை எழுப்புதா, அடக்குதான்னு ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் அடிச்சுக்கறாங்க. குளிர் எழுப்பும், அது நிச்சயம். ஓடினா தசையும் சர்க்கரையைப் பிடுங்கிக்கும், படம் கெட்டுரும். கதகதப்பா வச்சு மறுபடி எடுங்க."

போன உயிர் திரும்பி வந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே திட்டவும் செய்தேன்.

அடுத்த வாரம் நல்ல பிள்ளையாக ஓடாமல் வந்தாள். கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்திப் படுக்க வைத்தேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது. "என் கொழுப்பு அடங்கிருச்சான்னு பாத்துச் சொல்லு."

படம் திரையில் வந்தது. தோள்கள் இருட்டு. வலப்பக்கக் கழுத்து இருட்டு. சிரித்துவிட்டேன். இடப்பக்கம், கழுத்தோரத்தில் ஒரு புள்ளி மட்டும் அணையாமல் இருந்தது. போன வாரம் அத்தனை வெளிச்சத்துக்குள் அது ஒளிந்திருக்கிறது. எல்லாரும் பார்த்தோம், யாருக்கும் தெரியவில்லை.

"என்னடி, சத்தத்தையே காணோம்?"

"அசையாம படு" என்றேன். படம் எப்போதோ எடுத்து முடிந்திருந்தது.