பத்து மணி நேரத்துக்குள் வெள்ளம்

1

மாண்புமிகு வாசகப் பெருமக்களின் மேலான கவனத்திற்கு: ஒரு வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்ற கேள்விக்கு, மனித குலம் இதுவரை கண்டிராத தெளிவுடன், இக்கதையில் தீர்ப்பு வழங்கப்படும். தீர்ப்பு வெளியாகும் நேரத்தில் நெரிசலைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அறிவிப்பு முடிந்தது. இனி உண்மை. இந்தக் கதை எனக்கு மலேசியாவின் சிகாமட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலைக்காரர் ஜெயசங்கர் சொன்னார். மாநில அரசில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி போய்விட்டது, உட்காரும் தோரணை போகவில்லை. அவர் சொன்ன வடிவில் அவரே கதாநாயகன். ரசம் வருவதற்குள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் அவருடைய மைத்துனி சுபத்திராவைப் போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு கதாநாயகனை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "சிகாமட் ஆறு அன்று மிகவும் அமைதியாக..." (விட்டுவிட்டேன். ஒரு கதையில் ஆறு அமைதியாக ஓடினால் வாசகர் நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொள்வார்.)

இரண்டாம் தொடக்கம்: "உலகமயமான தொழிற்சூழலில் மனிதவள ஆளுகை என்பது..." (இது ஜெயசங்கரின் குரல். எப்படி உள்ளே வந்தது என்று தெரியவில்லை. வெளியேற்றியாயிற்று.)

மூன்றாம் தொடக்கம்: சுபத்திராவுக்கு ஒரு கடைவீடு தேவைப்பட்டது.

இதுவே போதும். சுபத்திரா முதியோர் இல்லம் நடத்துகிறாள். ஒன்பது பேர், அவர்களில் நால்வர் கட்டிலை விட்டு எழ முடியாதவர்கள். இருந்த வீட்டை உரிமையாளர் திருப்பிக் கேட்டுவிட்டார். டவுனில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம் காலியாக இருந்தது: அகலமான கூடம், நல்ல வெளிச்சம். ஆனால் கடை முன்னாலிருந்த அஞ்சடி நடைபாதைத் தூணில் பழைய வெள்ளத்தின் கறை ஒரு பழுப்புக் கோடாகத் தெரிந்தது. "அது அந்தக் காலம், இப்ப வடிகால் எல்லாம் பெருசாக்கிட்டாங்க" என்றார் தரகர். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கையெழுத்து.

அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு சுபத்திராவுக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் எப்படி வரும், எவ்வளவு வரும், படுத்திருப்பவர்களைத் தூக்க நேரம் இருக்குமா? இதைக் கணித்துப் படமாக ஓட்டிக் காட்டும் ஆட்கள் இணையத்தில் மணிக்கணக்கில் வேலைக்குக் கிடைக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அப்படித்தான் யோலாண்டா கிடைத்தாள். பொலிவியாவில், மலை மேல், கடலே இல்லாத நாட்டில் உட்கார்ந்து ஊர் ஊராக வெள்ளம் விடுகிறவள்.

3

இங்கே ஜெயசங்கர் உள்ளே வருகிறார். வரட்டும், வழி விடுங்கள்.

"ஆன்லைன்ல ஆள் எடுத்தா சும்மா விடக்கூடாது சுபா" என்றார் அவர். "வாரத்துக்கு இத்தனை மணிநேரம்னு ஒரு லிமிட் போடணும். இல்லேன்னா அவங்க பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே இருப்பாங்க. இதுக்குப் பேர்தான் கவர்னென்ஸ் லா."

"சரி அத்தான், எத்தனை மணி போடலாம்?"

"பத்து. கணக்கை என் பேர்ல தொறக்கிறேன். நீ மெசேஜ் மட்டும் பாத்துக்க."

அப்படியே ஆயிற்று. யோலாண்டாவுடன் பேசும் உரிமை சுபத்திராவுக்கு. வரம்பை மாற்றும் உரிமை அத்தானுக்கு. வரம்பைத் தாண்டி ஓடும் நேரம் ஓடலாம். அதற்குக் கூலி கிடையாது.

சனிக்கிழமை பத்து மணிநேரமும் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. கடைசிப் பகுதி பாக்கி. கடைக்குள் தண்ணீர் நுழையும் பகுதி அதுதான்.

"எதுக்குப் பதட்டம் சுபா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை, புது வாரம். பத்து மணிநேரம் ஃப்ரெஷ்ஷா வருது. நாளைக்குச் செய்யச் சொல்லு."*

* வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் ஜொகூர் மாநிலத்தில் பத்தாண்டுக்கும் மேலாக வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை அலுவலகம். இரண்டாயிரத்து இருபத்தைந்தில் அதை மாற்றினார்கள். ஜெயசங்கர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டதால் அந்த மாற்றம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்று கருதுகிறார். இணையத் தளமோ யாரையும் கேட்காமல், நம் ஊருக்குத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே வாரத்தைப் புரட்டுகிறது.

ஆக, யோலாண்டா காத்திருந்தாள், ஒரு மேலதிகாரியின் பழைய நாட்காட்டியை நம்பி.

4

ஞாயிற்றுக்கிழமை காலை. பொலிவியாவில் இன்னும் சனி இரவு. ஒரே வேலையில் மூன்று பேர், மூவருக்கும் வேறு வேறு வாரம். இதை எழுதும்போது கிண்டலாக ஒரு வாக்கியம் தேடினேன், வரவில்லை. பூமி உருண்டை என்பதைப் பள்ளியில் படித்தேன், அன்றுதான் நம்பினேன்.

வேலை தொடங்கிய சற்று நேரத்தில் செய்தி வந்தது: "உங்கள் வரம்பு முடிந்துவிட்டது. தண்ணீர் இன்னும் வாசலுக்கு வரவில்லை. என்ன செய்ய?"

சுபத்திரா அத்தானை அழைத்தாள். கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. அவர் ஜொகூர் பாருவில் ஒரு சங்கத்தின் கூட்டத்தில் முழுநாள் உரையாற்றிக்கொண்டிருந்தார். தலைப்பு: நேர நிர்வாகம். அக்கா மீனலோசனியும் கூடப் போயிருந்தாள், கைதட்ட. (சத்தியமாக இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் இவ்வளவு வசதியாகச் செய்ய வெட்கப்பட்டிருப்பேன்.)

"வரம்பை என்னால் மாற்ற முடியவில்லை. மன்னிக்கவும். நிறுத்திவிடுங்கள்" என்று சுபத்திரா எழுதினாள்.

பதில் வரவில்லை.

கட்டிலில் கிடந்த பேச்சியம்மாள் விசாரித்தார். "ஏம்மா மொகம் இப்படி இருக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு மணி முடிஞ்சிருச்சும்மா."

"அப்ப போயிருப்பா. ரப்பர் தோட்டத்துல மணியடிச்சா பால்வாளியக்கூட திரும்பிப் பாக்க மாட்டோம். கங்காணி அப்பனே கூப்பிட்டாலும்."

மதியச் சோறு முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் படம் வந்தது.

5

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் நகைச்சுவை இருந்தது. எடுத்துவிட்டேன்.

திரையில் டவுன். சுபத்திரா அளந்து அனுப்பிய வாசற்படி, கட்டில் உயரம், தூணின் பழுப்புக் கோடு, எல்லாம் அதனதன் இடத்தில். மழை தெரியவில்லை, சத்தம் இல்லை. ஆறு மெல்லத் தடித்தது. தெருமுனையில் நீலம் தோன்றி, இந்தக் கடைக்கு வராமல் வேறு பக்கம் போயிற்று. சுபத்திரா மூச்சு விட்டாள். முன்வாசல் காய்ந்தே கிடந்தது.

தண்ணீர் பின்னாலிருந்து வந்தது. குளியலறைத் தரையின் வடிதுளையிலிருந்து, யாரோ கீழே இருந்து எட்டிப் பார்ப்பதுபோல ஒரு சின்ன நீல வட்டம். அது கூடத்துக்கு நடந்து வந்தது. கட்டில்களின் கால்களைச் சுற்றிக்கொண்டது. முன்வாசல் நனைந்தபோது கட்டில் பாதி முழுகியிருந்தது. உயரம், தூணின் கோட்டில் மிகச் சரியாக வந்து நின்றது.

பேச்சியம்மாள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. சுபத்திரா தன்னை அறியாமல் இரண்டு பாதங்களையும் நாற்காலியின் மேல் தூக்கி வைத்திருந்தாள்.

"அந்த மூணாவது கட்டிலு என்னோடதா?"

"ஆமாம்மா."

"தண்ணி இவ்ளோ மரியாதையா வரும்னு நெனைக்கல." கை நீட்டித் திரையில் அந்தக் கட்டிலைத் தொட்டார். "போகாம நின்னுட்டாளேம்மா. மணி அடிச்சும் நின்னுட்டாளே."

எனக்கு யோலாண்டாவின்மேல் சந்தேகம் இருந்தது. இவ்வளவு நல்லவர் ஒருவர் கதைக்குள் வந்தால் கிண்டல்காரன் கடையை மூட வேண்டியதுதான். நல்ல பெயர் வாங்கச் செய்திருப்பாளோ? சுபத்திரா அவளுடைய செய்தியைக் காட்டினாள்: "உங்களுக்காக மட்டும் இல்லை. தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. இங்கே நடுநிசி தாண்டிவிட்டது. வீடு எடுக்கவேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் குளியலறைக் கதவைப் பாருங்கள்."

இதற்கு எதிராக என்னிடம் ஒன்றும் இல்லை.

6

திங்கட்கிழமை, எட்டு மணிக்கு முன். ஜெயசங்கர் இடுப்பில் கட்டிய சாரத்துடன் சுபத்திராவுக்குக் கேட்டைத் திறந்தார்.

"அத்தான், அந்த லிமிட்டை ஏத்துங்க. எட்டு மணிக்குள்ள ஏத்தினாதான் அவ செஞ்ச நேரம் கணக்குல ஏறும். வாரம் புரண்டுட்டா போச்சு."

"வாரம் நேத்தே புரண்டிருச்சேம்மா. சிஸ்டம்ல ஏதோ கோளாறு."

"கோளாறு சிஸ்டத்துல இல்ல அத்தான்."

அவர் அதைக் கேட்காத முகத்துடன் தொண்டையைச் செருமினார். "பாலிசின்னு ஒண்ணு இருக்கு சுபா. அதிகமா செய்யச் சொல்லி நாம கேக்கலையே."

"அதைத்தான் சொல்றேன். நாம கேக்கல."

ஜெயசங்கர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார். (பந்தியில் சொன்ன வடிவில் இங்கே ஒரு நீண்ட உரை இருந்தது.) பிறகு கைப்பேசியை எடுத்தார். கடவுச்சொல் கேட்டது.

"மீனா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "உன் பொறந்தநாள் எப்ப?"

"அலாமாக்! முப்பது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றது அடுப்படி. தேதியைச் சொல்லவில்லை. சுபத்திராதான் சொன்னாள்.

வரம்பு பத்திலிருந்து இருபதுக்கு ஏறியது. எட்டு அடித்தது. நாம் அறிவித்த தீர்ப்பு அந்தக் கணம்தான் வெளியானது. கூட்டம் ஒன்றும் சேரவில்லை.

7

மிச்சம், கையெழுத்து.

முடிவு அ: போடுகிறாள். ஒன்பது பேருக்குக் கூரை வேண்டும். ஆறு எல்லா ஆண்டும் கோபப்படுவதில்லை.

முடிவு ஆ: போடாமல், படத்தில் நீலம் படாத மேட்டுத் தெருவில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு...

முடிவு இ: போடுகிறாள், ஆனால் கட்டில்களுக்கு அடியில் (இல்லை, இது எனக்கே நம்பிக்கை தரவில்லை.)

நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். தூரத்தில் யாரோ தூக்கத்தை விட்டு ஒரு நீல வட்டத்தை வரைந்திருக்கிறாள், அதைப் பார்த்துவிட்டீர்கள். தரகர் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவில் சுபத்திரா கை வைத்து நிற்கிறாள். தள்ளுவதா வேண்டாமா என்று அவளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கடைவீட்டை அதன் உரிமையாளர் முந்தின வெள்ளிக்கிழமையே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். இப்போது அங்கே மெத்தை விற்கிறார்கள்.