நாறிய ஆட்டங்களின் பட்டியல்

பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில், வரும் வார ஆட்டங்களின் பட்டியலில் ஏழாவது வரி ஒரு வியாழக்கிழமை காலையில் நாறத் தொடங்கியது. செத்த மீனை ஈரச் சாக்கில் மூன்று நாள் கட்டி வைத்த நாற்றம். அச்சகத்துக்காரர்கள் மையை மாற்றினார்கள், உருளையைக் கழுவினார்கள், ஒரு பாவமும் அறியாத எலியை அடித்துப் போட்டார்கள். வரி நாறிக்கொண்டே இருந்தது. மேலும் கீழும் இருந்த வரிகள் வெறும் காகித வாசனையோடு சும்மா கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டத்தில், தோற்கவே தெரியாத அணி நான்கு கோல் வாங்கித் தோற்றது. அதில் இரண்டு, தன் ஆளே தன் வலைக்குள் அடித்தது.

விலைபோன ஆட்டம்தான் நாறுகிறது என்பது நான்கே வாரத்தில் ஊருக்கு விளங்கிவிட்டது. யாராவது வெட்கப்படுவார்கள் என்று பட்டியல் தயாரிக்கும் உதவி ஆசிரியை காத்திருந்தாள். விற்பனைதான் இரட்டிப்பானது. பந்தயம் கட்டுகிறவர்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மூக்கால் படித்தார்கள். சளி பிடித்தவன் பக்கத்து வீட்டுக்காரனைக் கூட்டி வந்து முகரச் சொன்னான். வாசனை மை வாங்கித் தருகிறோம் என்று விளையாட்டுச் சங்கம் பெருந்தன்மையோடு கடிதம் எழுதியது. ஓடுகிற சரக்கில் கை வைக்காதே என்று முதலாளி அதைக் கசக்கிப் போட்டார். மூன்றாம் வருடம் சதுரங்கம் நாறியது. ஐந்தாம் வருடம் பள்ளிக்கூடத்துச் சாக்கு ஓட்டம்.

உதவி ஆசிரியையின் தம்பி, பேருந்துப் பணிமனை அணியின் கோல்கீப்பர். ஆறு வருடத்தில் அவர்கள் வரி ஒரு தடவைகூட நாறியதில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் வேலையை விடாமல் இருந்தாள். பருவத்தில் அவர்களுடைய கடைசி ஆட்டத்துக்கு நேரத்தையும் மைதானத்தையும் எழுதி முடித்தபோது அந்த வரி நாறியது. வேறு தாளில் எழுதிப் பார்த்தாள். அதுவும் நாறியது.

நேரே பணிமனைக்குப் போனாள். தம்பி ஒரு பேருந்துக்கு அடியில் படுத்து பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்; கால் மட்டும் தெரிந்தது.

"நீயும் வித்துட்டியாடா?"

"பதினோரு பேரு ஆடுறோம்க்கா. நாறுனா நான்தானா?"

"வெளிய வா. மோந்து பாக்கணும்."

வந்து நின்றான். கழுத்தோரம் முகர்ந்தாள். கிரீஸ், வியர்வை, வேறொன்றும் இல்லை.

"மத்த பத்துப் பேரையும் நான் மோந்து பாத்துட்டேன். ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல," என்றான்.

"அப்ப ஆடாத. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"கோல்போஸ்ட்ட யாருகிட்டக்கா விட்டுட்டு வர?"

ஞாயிற்றுக்கிழமை எதிரணி அடித்த ஒன்பது பந்துகளையும் பிடித்தான். சொந்த அணி அடித்த பதினான்கையும் பிடித்தான். இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. பந்தயத்தில் விட்டவர்கள் பத்திரிகை வாசலில் கூடி, நாற்றத்தை நம்பித்தானே வந்தோம் என்று நியாயம் கேட்டார்கள். விளையாட்டின் கண்ணியத்தைக் குலைத்தான் என்று சங்கம் தம்பியை ஆயுளுக்கும் நீக்கியது.

முதலாளி சொன்னபடி உதவி ஆசிரியை எழுதினாள்: 'சென்ற இதழில் பணிமனை அணியின் ஆட்டம் தவறுதலாக நாறிவிட்டது. வருந்துகிறோம்.' அந்த இரண்டு வரியின் நாற்றத்தில் அச்சுக்கோப்பவர் வாந்தியெடுத்தார். வாசகர்கள் வழக்கம்போல முகர்ந்து பார்த்தார்கள், இவ்வளவு நாறினால் வருத்தம் உண்மைதான் என்று திருப்திப்பட்டார்கள், பக்கத்தைத் திருப்பினார்கள்.