கேத்தியில் இறங்குகிறவர்

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியபடி, அவரோடு வேலை பார்க்கும் மனுவேல் மாமா சொன்னார்: “மறுபடியும் தூங்கிட்டாருப்பா. அருவங்காடு வந்ததே தெரியல.”

நைட் ஷிப்ட் முடிந்த ஞாயிறுகளில் அப்பா குன்னூர் சந்தைக்குப் போய் ரயிலில் திரும்புவார். சில நாள், வீடிருக்கும் அருவங்காட்டைத் தூக்கத்தில் தவறவிட்டு, அடுத்த ஸ்டேஷனான கேத்தியில் இறங்குவார். பேக்டரியில் அவருக்குக் கேத்தி ஏகநாதன் என்றே பெயர். நேற்றும் அங்கேதான் இறங்கினார். காட்டுப் பாதையோரம் உட்கார்ந்தவர் எழவில்லை.

“தூக்கமெல்லாம் இல்லீங்க,” என்றார் பக்கத்து வீட்டுக் கருணாகரன். “கூடப்பொறந்தவ அங்கதான இருக்குது. கடைசி நேரத்துல ரத்தம் இழுத்துருச்சு.”

“ஆறு வருசமா இழுக்காத ரத்தமா? நீங்க வேற,” என்றார் மனுவேல் மாமா.

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அப்பாவின் தலைமாட்டில் அம்மா அசையாமல் இருந்தாள். லீலாவதிக்குத் தூக்கமே போதுமான காரணமாகப் பட்டது.

அருக்காணி அத்தை காலையிலேயே கேத்தியிலிருந்து வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். அவள் மகனுக்கு லீலாவதியைக் கேட்டபோது, பொண்ணு படிக்கட்டும் என்று அப்பா மறுத்தார். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது வாய்க்கரிசிக்கு எல்லோரும் எழுந்தார்கள். அத்தையை யாரும் கூப்பிடவில்லை.

லீலாவதி கேட்டருகே போனாள். அத்தையின் முந்தானை பனியில் நனைந்திருந்தது.

“உங்கப்பன் என்னையப் பாக்கத்தான் வந்தானா, கண்ணு? எல்லாரும் அப்படித்தான் பேசிக்கறாங்க.”

லீலாவதிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னாள்: “ஆமாங்க அத்தை. சொல்லிட்டுத்தான் போனாரு.”

அத்தை அவளையே பார்த்தாள். “எனக்காகச் சொல்லாத. சொல்லிட்டு வர்ற ஆளா அவன்?” குரலைத் தாழ்த்தினாள். “முன்னாடியும் வந்திருக்கான். காரட் காட்டோரமா நின்னு எங்க ஊட்டையே பாப்பான். அப்புறம் போயிருவான். நேத்தும் நின்னான். நான் கதவச் சாத்திட்டேன்.”

பேக்டரியின் காலைச் சங்கு ஊதும்வரை அப்பா படுக்கையில் கிடந்து லீலாவதி பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும், தூங்கிட்டேன் என்று சொன்னவர் அவர்தான். அவள் சிரித்திருக்கிறாள்.

“எதுக்கு வந்து நின்னான்? திட்டறதுக்கா, பேசறதுக்கா?”

“தெரியலீங்க அத்தை.”

“நான் அரிசி போடலாமா?”

லீலாவதி கேட்டின் கொக்கியை எடுத்துவிட்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே வந்து, அத்தை குனிந்து அரிசியைப் போட்டாள். பாதி வாயில் விழாமல் அப்பாவின் கழுத்தடியில் சிந்தியது. அம்மா அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மறுபடி போடும்படி அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள்.